நடுச்சுவர் வந்த இடம்

திண்டுக்கல்லில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஆபீசில், இன்ஜினியரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கும். அதில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வரிசையாகத் தொங்கும். ஆபீசில் எதற்குக் கொடி கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. ஒவ்வொரு கிளிப்பும் ஒரு வீடு. அதைச் சொன்னால் இன்னும் குழம்பிப் போவார்கள் என்பதால் சும்மா சிரித்து வைப்போம்.

அது வீட்டுப் பிளான் போடும் ஆபீஸ். பழனி ரோட்டில் ஒரு பாத்திரக் கடையின் மாடி. கீழே பாத்திரத்தில் பெயர் வெட்டும் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாது. இன்ஜினியர், பேகம்பூரிலிருந்து வரும் ஒரு பாய், நான் என்று மூன்று பேர். பாய் மரப்பலகையில் தாளை ஒட்டி மைப்பேனாவால் கோடு போட்ட காலத்து ஆள். கம்ப்யூட்டர் வந்ததும் முணுமுணுத்துக்கொண்டே அதையும் கற்றுக்கொண்டார். நான் ஐ.டி.ஐ.யில் வரைபடம் படித்து, மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட் பழகி, சின்னாளப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனவள். எங்கள் வீட்டில் தறி நின்ற இடம் போக மீதியில்தான் எல்லாரும் படுப்போம். அடுத்தவர் வீட்டுக்கு அறை அறையாகக் கோடு போடும்போது எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அது தொண்ணூறுகளின் கடைசி. ஆபீசில் கம்ப்யூட்டர் இரண்டு. இரண்டையும் இணைக்கும் வயரெல்லாம் அப்போது எங்களுக்கு வரவில்லை. பிளானை ஃபிளாப்பியில் போட்டு இங்கிருந்து அங்கே கொண்டுபோவோம். ஒரே வீட்டின் பிளான் பாயிடம் ஒன்று இருக்கும், என்னிடம் ஒன்று இருக்கும். நான் ஒரு சுவரை நகர்த்தியிருப்பேன், அவர் அதே சுவரில் கதவு வைத்திருப்பார். கடைசியில் யார் சேமிக்கிறார்களோ அவர்கள் போட்டதுதான் நிற்கும். முன்னால் சேமித்தவரின் உழைப்பு போன இடம் தெரியாது. ஒரு கல்யாண மண்டபத்துக்கு நான் தூணையெல்லாம் ஓரமாகத் தள்ளிப் பந்திக்கூடத்தைச் சீர் செய்து வைத்திருந்தேன். அதன்மேல் பாய் தன்னுடைய பழையதை ஏற்றிவிட்டார். பிரிண்ட் போய், கொத்தனார் நடுப்பந்தியில் தூணுக்குக் குழி தோண்டிய பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பயந்து பாய் ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் சேமிக்க ஆரம்பித்தார். நியூ, நியூ நியூ, ஃபைனல், ஃபைனல் நியூ என்று ஒரே வீடு பல பேரில் பெருகி, எது உண்மையான வீடு என்று அவருக்கே தெரியாமல் போனது.

அதற்காகத்தான் கிளிப். இன்ஜினியர் தன் வீட்டுக் கொடியிலிருந்தே எடுத்துவந்தார் என்று நினைக்கிறேன். ஒரு வேலைக்கு ஒரு கிளிப். அந்த பிளானைத் திறக்க வேண்டுமென்றால் கயிற்றிலிருந்து கிளிப்பை எடுத்துத் தன் கம்ப்யூட்டரின் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் இல்லாதவர் அந்த பிளானைத் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் ஃபிளாப்பியை இன்ஜினியர் மேசையில் வைத்துவிட்டுக் கிளிப்பைக் கயிற்றில் மாட்ட வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தாலும் அதற்குப் பிறகு எங்கள் ஆபீசில் ஒரு சுவர்கூடக் காணாமல் போகவில்லை. அப்படித்தான் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நாட்களில்தான் அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடு கட்ட வந்தார்கள். கூட அவர்களுடைய அக்காவும் வந்தார். ஊருக்கு வெளியே, தெற்கே சிறுமலையைப் பார்த்தபடி கிடக்கும் பொட்டலில் அவர்களுக்கு மனை இருந்தது. ரோடு வடக்கே. ஒரே வீடாகக் கட்டி, நடுவில் ஒரு கூடம் வைத்து, மேற்கே அண்ணன், கிழக்கே தம்பி என்று சேர்ந்தே இருக்கப்போவதாகச் சொன்னார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனபிறகு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்து தம்பிகளைப் படிக்கவைத்தவர். மனைகூட அவர் மில்லில் சம்பாதித்து வாங்கியதுதான், தம்பிகள் பெயரில் எழுதிவிட்டார் என்று பாய் பின்னால் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார்.

இன்ஜினியர் தம்பிகளிடம் வெகுநேரம் பேசினார். கார் நிறுத்தும் இடம், பூஜை அறை, மோட்டார் எல்லாம் முடிந்தபிறகு, பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்த அக்காவிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

அவர் தம்பிகளைப் பார்த்தார். அவர்கள் சொல்லு என்பதுபோல் தலையாட்டினார்கள்.

"எனக்கென்னங்க. ஒரு சின்ன ரூம்பு. மலையப் பாத்து ஒரு ஜன்னல். கதவுக்கு உள்பக்கமாத் தாழ்ப்பா."

உள்பக்கம் என்பதை அழுத்திச் சொன்னார். திண்டுக்கல்லில் வெளியே மாட்டும் பூட்டுக்குப் பஞ்சமில்லை. இத்தனை வயதுக்கு மேல் ஒரு பெண் தன் கையால் உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளும் கதவைக் கேட்டது எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வீட்டின் பின்பக்கம், தெற்குச் சுவரை ஒட்டி, சரியாக நடுவில் அவருக்கு ஓர் அறையை நானே வரைந்தேன். ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

முதல் பிளான் நன்றாக இருந்தது. அதைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் காட்டிய பிறகுதான் வினை ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் புழங்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நடுவில் சுவர் வைத்து இரண்டு வீடாக்க வேண்டும். அதன்பிறகு அண்ணன் காலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். தம்பிக்கு வேலை முடிய சாயங்காலம் ஆகும். நான் பஸ்ஸுக்குப் போனபிறகு வந்து பாயோடு உட்கார்ந்துகொள்வார். கிளிப் பகலில் என் தலைமாட்டிலும் சாயங்காலம் பாயின் தலைமாட்டிலும் இருக்கும். நான் நடுச்சுவரைக் கிழக்கே தள்ளியிருப்பேன். மறுநாள் வந்து பார்த்தால் அது பழையபடி மேற்கே வந்திருக்கும். கிளிப் முறையை யாரும் மீறவில்லை. ஒருவர் கைவைக்கும்போது இன்னொருவர் கைவைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுவர் ராத்திரியெல்லாம் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அண்ணன் குரலை உயர்த்திவிட்டார். தன்னுடைய யோசனைகள் தம்பிக்குப் போய்ச் சேருகின்றன என்றார். சாயங்காலம் தம்பியும் வந்து அதையேதான் சொன்னாராம். இனிமேல் அந்தப் பக்கத்து பிளான் இந்தப் பக்கத்துக்குத் தெரியக்கூடாது, அப்படியென்றால்தான் இங்கே வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

இன்ஜினியருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மனையை நூல் பிடித்தாற்போல் நடுவில் வெட்டி, ஒரு பொதுச்சுவரைப் போட்டு, இது அசையாது என்று இரண்டு பேரிடமும் ஒப்புக்கொள்ள வைத்தார். பிறகு பிளானையே இரண்டு ஃபைலாக வெட்டினார். மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி பாய்க்கு. எனக்கு நீலக் கிளிப், அவருக்கு மஞ்சள் கிளிப். "ஃபைலுக்கும் பாகம் பிரிச்சாச்சு, இனி சண்டை இல்ல" என்று கையைத் தட்டிக்கொண்டார். பின்வாசலையும் மாடிப்படியையும் மோட்டாரையும் மட்டும் பொது என்று சொல்லித் தானே வரைந்து வைத்துக்கொண்டார்.

அக்காவின் அறை அந்த வெட்டில் இரண்டாகப் பிளந்தது. அரை அறை என் ஃபைலில், அரை அறை பாயின் ஃபைலில். ஜன்னலின் ஒரு கதவு இங்கே, ஒரு கதவு அங்கே.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு மூலை தப்பக்கூடாது. சமையலறை தென்கிழக்கில், அக்கினி மூலையில் வர வேண்டும். வீட்டுக்காரர் படுக்கும் அறை தென்மேற்கில், கன்னி மூலையில் வர வேண்டும். ஒரே வீடாக இருந்தவரை அக்காவின் அறை எந்த மூலையிலும் இல்லை. தெற்கே நடுவில், யாருக்கும் வேண்டாத இடத்தில் இருந்தது. நடுவில் சுவர் விழுந்து வீடு இரண்டானதும் மூலைகளும் பெருகிவிட்டன. அதே இடம் அண்ணன் வீட்டுக்கு அக்கினி மூலை ஆனது. தம்பி வீட்டுக்குக் கன்னி மூலை ஆனது.

அண்ணன் மறுநாளே அங்கே சமையலறையைப் போடச் சொன்னார். அக்கா ரூம் என்ன ஆவது என்று நான் கேட்டேன். கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. தம்பி பக்கம் அக்காவுக்கு இடம் வருகிறது, அதைப் பற்றி நீ ஏன் கவலைப்படுகிறாய் என்றார்.

"பேசியாச்சும்மா" என்றார்.

நான் அரை அறையை அழித்துவிட்டு அடுப்பு மேடையை வரைந்தேன். அந்தப் பக்கத்து ஃபைலைத் திறந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை. மஞ்சள் கிளிப் பாயிடம் இருந்தது. நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். ஆனால் இன்ஜினியர் சொன்னபடி, பாய் அந்த வேலையைத் திறந்திருக்கும்போது திரையைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொள்வார். நானும் அப்படியே. டீயைப் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வீட்டை மறைத்து இன்னொரு வீட்டை வரைந்தோம். இப்போது நினைத்தால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் சிரிப்பு வருவதில்லை.

இரண்டு பக்கமும் முடிந்ததும் இன்ஜினியர் இரண்டு ஃபைலையும் ஒன்றாகச் சேர்த்தார். நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம். மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் நடுச்சுவரில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தன. கதவோடு கதவு இடிக்கவில்லை. குழாயோடு குழாய் மோதவில்லை. இன்ஜினியர் திரையில் மேலும் கீழும் தேடிவிட்டு, எங்கேயும் ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை என்று பூரித்துப் போனார். அவர் தேடியது இடிப்பதைத்தான். இல்லாததை யார் தேடுவார்கள். எனக்கும் பாய்க்கும் அது அக்கணமே தெரிந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அக்கா ரூமு அண்ணன் பக்கம் போகுதுன்னுல்லம்மா சொன்னாரு" என்றார் மெதுவாக.

தம்பியும் அவரிடம் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். பேசியாச்சு பாய்.

நாங்கள் உடனே இன்ஜினியரிடம் சொன்னோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. போன் செய்து அண்ணனைக் கேட்டார், தம்பியைக் கேட்டார். என்ன பேசினார்களோ, வைத்துவிட்டு, அவர்களே நேரில் வந்து முடித்துக்கொள்கிறார்களாம், பிரிண்டுக்கு அனுப்புங்கள் என்றார். மதுரைக்கு அனுப்பிப் பெரிய தாளில் எடுத்து வந்தோம்.

நல்ல நேரம் பார்த்து பிளானை வாங்க மூன்று பேரும் வந்தார்கள். பிளானைக் கையில் வாங்கும் முன்னால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது எங்கள் ஆபீசில் வழக்கம். அக்கா வீட்டிலிருந்தே மஞ்சளைக் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்திருந்தார். வெளுத்த நூல்புடவை, தலையில் கனகாம்பரம். மேசையில் தாளை விரித்ததும் அவராகவே முன்னால் வந்து தடவ ஆரம்பித்தார். ஒரு மூலைக்குத் தடவிவிட்டு அடுத்த மூலைக்குப் போகும் வழியில் தாளைப் பார்த்துக்கொண்டே போனார். எழுத்து இங்கிலீஷில் இருந்தாலும் ஜன்னல் எப்படி வரையப்படும் என்று முதல் பிளானிலேயே என்னிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். தெற்குப் பக்கம் வந்ததும் அவருடைய விரல் நின்றுவிட்டது. விரல் இருந்த இடத்தில் நடுச்சுவர் கனமாகக் கீழே இறங்கி வந்து முட்டிக்கொண்டிருந்தது.

"ஜன்னலக் காணமே" என்றார்.

கீழே ஏதோ ஒரு குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். உன் பக்கம் என்றுதானே நினைத்தேன் என்றார். தம்பி, மூத்தவர் நீங்கள்தானே வைத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன் என்றார். இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. அவ்வளவு நாளாக ஒரு சாண் இடத்துக்கு மல்லுக்கு நின்றவர்கள் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தணிவாகப் பேசினார்கள். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, யாராவது கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொண்டால் அறை வந்துவிடும் என்று இன்ஜினியர் சொல்லிப்பார்த்தார். அக்கினி மூலையை எப்படி விடுவது என்றார் அண்ணன். கன்னி மூலையை விட்டால் குடும்பம் விளங்குமா என்றார் தம்பி. இரண்டுமே மறுக்க முடியாத பதில்கள்தான். பிறகு யாரோ மாடி என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். இரண்டு பேரும் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். ஆமாம், மாடி எடுக்கும்போது அக்காவுக்குத் தனியாகப் போட்டுவிடலாம், காற்றும் வரும், மலையும் தெரியும்.

அக்கா மீதி மூலைகளுக்கும் மஞ்சளைத் தடவி முடித்தார். விரலைப் புடவை ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

"சரி, கட்டுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாரேந்தா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. இப்படி ஒரு கோபம் என் சொந்த வீட்டு விஷயத்துக்குக்கூட எனக்கு வந்ததில்லை. மறுநாள் யாரும் கேட்காமலே அந்த பிளானை எடுத்து உட்கார்ந்தேன். அண்ணனின் மூலையையும் தொடாமல் தம்பியின் மூலையையும் தொடாமல் இடம் தேடினேன். இடம் இருந்தது. பின்வாசலில் மாடிப்படி வரும் இடத்தில், நடுச்சுவருக்கு வெளியே, தெற்கே நீட்டி ஓர் அறை. மாடிப்படியைக் கிழக்கே ஓரமாக நகர்த்திவிட வேண்டியதுதான். ஜன்னல் நேராக மலையைப் பார்க்கும். கதவை வரைந்து உள்பக்கத் தாழ்ப்பாளையும் வரைந்தேன். தாழ்ப்பாளெல்லாம் பிளானில் யாரும் வரைவதில்லை. நான் வரைந்தேன்.

இன்ஜினியரிடம் காட்டினேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. வெகுநேரம் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

"யாரும் கேக்காத திருத்தமா இருக்கேம்மா. படி தன் பக்கம் வாரதுக்குச் சின்னவர் சம்மதிக்க மாட்டாரு. அறைக்கு யாரு செலவழிப்பான்னு பெரியவர் கேப்பாரு. எந்தக் கிளிப்ப இதுக்கு மாட்டுறது சொல்லு."

நான் கயிற்றைப் பார்த்தேன். நீலமும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. அந்த ஃபைலை ஒரு தனி ஃபிளாப்பியில் போட்டு என் மேசை டிராயரில் வைத்தேன். ஃபிளாப்பிகளின் ஆயுசு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு ஒருநாள் திறந்தபோது அது திறக்கவில்லை.

வீடு கட்டினார்கள். கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பாய் போய்வந்தார். நான் போகவில்லை.

அப்புறம் வருஷங்கள் ஓடின. பாய் மகனோடு வளைகுடாவுக்குப் போய்விட்டார். எனக்குக் கல்யாணம் ஆகி நாகல்நகரில் வாடகை வீட்டுக்கு வந்தேன். ஆபீசில் கம்ப்யூட்டர்கள் கூடி, எல்லாவற்றையும் வயரால் இணைத்தாகிவிட்டது. ஒருவர் திறந்திருக்கும் ஃபைலை இன்னொருவர் தொட்டால் கம்ப்யூட்டரே தடுத்துவிடும். கயிறு மட்டும் ஆணியோடு கிடந்தது, கிளிப்பெல்லாம் வெயில் பட்டு நொறுங்கிப் போயிருந்தது. அப்போது அந்த அண்ணன் தம்பி மறுபடி வந்தார்கள். வீட்டின்மேல் பேங்கில் கடன் வாங்க வேண்டும், வீடு இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே அளந்து ஒரு பிளான் வேண்டும் என்றார்கள். இன்ஜினியர் என்னை அளந்துவரச் சொன்னார்.

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பொட்டலாக இருந்த இடமெல்லாம் வீடாகியிருந்தது. மேற்கு வீட்டை அளந்தேன், கிழக்கு வீட்டை அளந்தேன். என் கையால் வரைந்த அடுப்பு மேடையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாடிக்கு ஏறினேன். அங்கே தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, துணிக் கொடி. அறை எதுவும் இல்லை. இறங்கும்போதுதான் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய புடவை திரையாகத் தொங்குவதைப் பார்த்தேன். அதை விலக்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தார். மில்லை மூடிவிட்டார்கள், அதற்குமுன்னே விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று அவரே சொன்னார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏத்தா, ஜன்னல் போட்ட பிள்ளதான நீயி" என்றார்.

அது நான் அறை வரைந்த அதே இடம். நடுச்சுவருக்கு வெளியே, தெற்கே. உள்ளே ஒரு நாடாக் கட்டில், தகரப் பெட்டி, சுவரோரமாக இரண்டு வீட்டுக்குமான அரிசி மூட்டை, மூலையில் உடைந்த சைக்கிள். படி சரிந்து இறங்கும் பக்கம் குனிந்துதான் போக வேண்டும். அளக்க ஆள் வேண்டியிருந்தது. டேப்பின் ஒரு முனையை அவரே வாங்கிச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மறு முனையை இழுத்துக்கொண்டு பின்னால் போக அதிக தூரம் இருக்கவில்லை.

அளந்து முடித்ததும் கட்டிலின் ஓரத்தில் என்னை உட்காரச் சொன்னார். செத்த நேரம் இருந்து காப்பி குடிச்சிட்டுப் போகலாம் என்றார். காப்பிக்கு எந்த வீட்டில் போய்க் கேட்பார் என்று நினைத்து வேண்டாம் என்றேன். திரையை முழுதாக ஒதுக்கிவிட்டு எதிரே காட்டினார். தெற்கே மட்டும் மிச்சமிருந்த வெட்டவெளிக்கு அப்பால் சிறுமலை நீளமாகக் கிடந்தது.

"மலை நல்லாத் தெரியும்த்தா. ஜன்னல் வச்சிருந்தாக்கூட இம்புட்டுத் தெரியாது. மழை அடிச்சா மட்டும் கட்டில நகட்டிப் போட்டுக்கிருவேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். தாழ்ப்பாளைப் பற்றி அவர் பேசவில்லை. திரையில் எங்கே தாழ்ப்பாள் போடுவது.

ஆபீசுக்கு வந்து வரைந்தேன். ஒவ்வொரு அறைக்கும் பெயர் எழுத வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, கட்டில் கிடந்த இடத்தில், படுக்கை அறை என்று இங்கிலீஷில் எழுதினேன். இருப்பது இருப்பதுபோல் வேண்டும் என்றுதானே கேட்டார்கள். மத்தியானம் அண்ணன் போன் செய்து, மாடிப்படிக்குக் கீழே ஸ்டோர் என்று போட்டுவிடச் சொன்னார். பேங்கிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கக்கூடாதாம். கொஞ்ச நேரத்தில் தம்பியும் போன் செய்தார். அவரும் அதையேதான் சொன்னார். அந்த வீட்டுக்குக் கோடு போட ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு பக்கமிருந்தும் ஒரே திருத்தம் வந்தது அன்றைக்குத்தான்.

நான் மாற்றவில்லை. படுக்கை அறை என்றே சேமித்து, ஃபைலை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து திறந்தபோது ஸ்டோர் என்று இருந்தது. இன்ஜினியர் தன் கம்ப்யூட்டரில் இருந்தபடியே மாற்றியிருந்தார். நான் மறுபடி படுக்கை அறை என்று மாற்றிச் சேமித்து மூடினேன். செத்த நேரம் கழித்துத் திறந்தால் மறுபடி ஸ்டோர். அவரும் நானும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டவுன் பஸ் போய்விடும் என்று நான் எழுந்தபோது அதில் படுக்கை அறை என்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் பிரிண்ட் என் மேசையில் மடித்து வைத்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் கடைசியாகச் சேமிப்பவர்தான் ஜெயிப்பார். ஆபீஸ் சாவி அவரிடம்தானே இருந்தது.

பிளானை வாங்கிப்போக அக்காவைத்தான் அனுப்பியிருந்தார்கள். சும்மாதானே இருக்கிறார். வெயிலில் நடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். இந்தத் தடவை மஞ்சள் கொண்டுவரவில்லை. நான் நீட்டிய தாளை மேசையில் விரித்துவைத்து, மெதுவாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். மேற்கு வீட்டைத் தாண்டி, கிழக்கு வீட்டைத் தாண்டி, பின்வாசலுக்கு வந்து, மாடிப்படியைக் கண்டுபிடித்து, அதன் கீழே விரலை வைத்தார்.

"இது நான் இருக்குற எடந்தான?"

ஆமாம் என்றேன்.

"என்னமோ எழுதிருக்கே. என்னத்தா போட்டுருக்கு?"

உங்கள் ரூம் என்று போட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் இத்தனை வருஷமாக எல்லாரும் அவரிடம் சொன்னது அந்த மாதிரிப் பேச்சைத்தான். என் பங்குக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டாம் என்று தோன்றியது.

"ஸ்டோர்னு போட்டுருக்குக்கா" என்றேன்.

அவர் அந்த எழுத்தின்மேல் விரலால் தடவிப் பார்த்தார்.

"சரிதாந்தா" என்றார். "அரிசி மூட்டையும் அங்கனதான கெடக்கு."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.